மணல் இல்லை, பாதி நாள் கடலும் இல்லை: பியூசும் எப்படிக் கடல் மருத்துவ ஊர் ஆனது?

ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில், ஹாம்பர்க் நகருக்கு வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி பியூசும் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 5,000. கோடையில் அதைப் போலப் பல மடங்கு பேர் வந்து தங்குகிறார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற ‘வடகடல் மருத்துவ ஊர்’ என்பது அதன் பட்டம்.

ஜெர்மனியில் இருக்கும் உறவினர் யாராவது அங்கிருந்து படம் எடுத்து அனுப்பினால், பார்க்கிற நமக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். கடற்கரை என்கிறார்கள், ஆனால் மணலே இல்லை. பச்சைப் புல் சரிவில் வரிசையாகக் கூடை நாற்காலிகள். எதிரே தண்ணீருக்குப் பதில் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நடப்பதும் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். போதாததற்கு, இந்த ஊர் ஒரு காலத்தில் தீவாக இருந்ததாம்.

மணல் ஏன் இல்லை, கடல் எங்கே போனது, தீவு எப்படி நிலமானது, சேற்றுக்கும் மருத்துவத்துக்கும் என்ன உறவு என்று நான்கு கேள்விகள் எழுகின்றன. நான்குக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது: கடல் கொண்டுவந்து போடும் வண்டலும், அதைத் தக்கவைக்க மனிதர்கள் எழுப்பிய மண்கரையும். அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கடல் எங்கே போகிறது?

நிலவின் ஈர்ப்பாலும் சூரியனின் ஈர்ப்பாலும் கடல்மட்டம் ஏறி இறங்குவது ஓதம். ஏறுவதை ஏற்றம், இறங்குவதை வற்றம் என்று சொல்வோம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே ஒரு நாளில் இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும்.

இது சென்னையிலும் நடக்கிறது, ஆனால் நம் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. காரணம் இரண்டு.

1. நம் கிழக்குக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கிறது. பியூசும் பக்கத்தில் அது 3 மீட்டரைத் தாண்டுகிறது.

2. மெரினாவில் கரை சரேலென்று இறங்குகிறது. தண்ணீர் ஒரு மீட்டர் இறங்கினாலும் அலைக்கோடு கொஞ்ச தூரம்தான் பின்னால் போகும். பியூசும் ஊருக்கு எதிரே கடலடி ஏறத்தாழத் தட்டை. 1,000 மீட்டருக்கு ஒரு மீட்டர்தான் சரிவு என்று வைத்துக்கொண்டால், தண்ணீர் 3 மீட்டர் இறங்கும்போது அலைக்கோடு 3 கிலோமீட்டர் பின்வாங்கிவிடும்.

அப்படித் திறந்து கிடக்கும் கடலடியைத்தான் ஜெர்மானியர் ‘வாட்’ என்கிறார்கள். சேற்றுவெளி என்று வைத்துக்கொள்ளலாம். நெதர்லாந்தில் தொடங்கி ஜெர்மனி வழியாக டென்மார்க் வரை சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தச் சேற்றுவெளி பரவியிருக்கிறது. பியூசும் இருக்கும் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் தன் பகுதியை 1985-இல் தேசியப் பூங்கா ஆக்கியது. 2009-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

மணல் ஏன் இல்லை என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. மணல் கடற்கரை உருவாக, அலை ஓங்கி அடிக்க வேண்டும். வேகமான அலை நுண்ணிய துகள்களை அள்ளிக்கொண்டு போய்விடும், கனமான மணல் மட்டும் கரையில் தங்கும். பியூசும் கரையில் அலை வந்து சேர்வதற்குள், கிலோமீட்டர் கணக்கான சேற்றுவெளி அதன் வேகத்தைத் தின்றுவிடுகிறது. அதனால் மாவு போன்ற வண்டல் படிகிறது. வடக்கே அதிகத் தூரம் இல்லாத சாங்க்ட் பேட்டர்-ஓர்டிங்கில் பிரம்மாண்டமான மணல் திட்டு உண்டு. பியூசும் ஊருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அங்கே இருக்கும் ஒரு சிறு மணல் குடா, மணல் கொண்டுவந்து கொட்டி அமைத்தது.

தீவு எப்படி நிலமானது?

பியூசும் பற்றிய முதல் எழுத்துப் பதிவு 1140-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது அது கரையை விட்டுத் தள்ளி இருந்த தாழ்வான தீவு. பாறைத் தீவு அல்ல, வண்டலாலேயே ஆன தீவு. இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றது புரியும். பாறைத் தீவு நின்ற இடத்தில் நிற்கும். வண்டல் தீவு ஒரு பக்கம் கரையும், மறுபக்கம் வளரும்.

அதுதான் நடந்தது. தெற்குப் பக்கத்தைப் புயல் வெள்ளங்கள் அரித்தன. அங்கிருந்த ஊர்கள் கடலுக்குள் போயின. வடக்கிலும் கிழக்கிலும் வண்டல் சேர்ந்தது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருந்த நீரோட்டம் மெல்லத் தூர்ந்தது. 1585-இல் அந்த இடைவெளியில் அணைபோட்டுத் தீவைப் பெருநிலத்தோடு சேர்த்தார்கள்.

‘அணைபோட்டுச் சேர்த்தார்கள்’ என்றதும் பாம்பன் போல ஏதோ ஒரு பாலம் என்று நினைத்துவிடக் கூடாது. பாலத்தின் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், தீவு தீவாகவே இருக்கும். அணை வேறு. அது ஓட்டத்தையே நிறுத்திவிடுகிறது. ஓட்டம் நின்றால் தண்ணீரில் மிதக்கும் வண்டல் அடியில் தங்கும். சில தலைமுறைகளில் அணையின் இருபுறமும் புதிய நிலம் எழுந்துவிடும். அந்த வேலையைக் கடலே செய்துவிடும். மனிதர் செய்வது அதற்குத் தோதாக இடம் அமைத்துக்கொடுப்பது மட்டும்தான்.

அந்தத் தோது செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரையின் பெரும்பகுதி இப்படித்தான் உருவானது.

1. சேற்றுவெளியில் இரண்டு வரிசையாக மரக்கழிகளை அறைந்து, நடுவே சுள்ளிக்கட்டுகளைத் திணித்துப் படல் கட்டுவார்கள். ஏற்றத்தின்போது தண்ணீர் படலைத் தாண்டி உள்ளே வரும். உள்ளே அலை ஓய்ந்து, வண்டல் தங்கும். தெளிந்த நீர் வெளியேறும்.

2. படலுக்குள் சிறு வாய்க்கால்கள் வெட்டி, அந்த மண்ணை இரு பக்கமும் மேடாகப் போடுவார்கள். வற்றத்தில் நீர் வடிந்து மேடு இறுகும்.

3. மேடு கொஞ்சம் உயர்ந்ததும் முதலில் முளைப்பது உமரி. நம் வேதாரண்யம், பிச்சாவரம் பக்கத்து உப்பு மண்ணில் சாறு நிறைந்த கணுக்கணுவான தண்டோடு நிற்குமே, அதன் இனம்தான். உமரித் தண்டுகள் மேலும் வண்டலைப் பிடித்து நிறுத்தும்.

4. அடுத்து உப்பைத் தாங்கும் புல் வரும். அன்றாட ஏற்றம் தொடாத உயரத்துக்கு நிலம் வந்துவிட்டால், அதைச் சுற்றி மண்கரை எழுப்புவார்கள்.

5. மழை சில ஆண்டுகளில் உப்பைக் கழுவிவிடும். அப்புறம் அது அந்தப் பகுதியிலேயே வளமான வயல்.

இப்படிக் கரைகட்டி மீட்ட நிலத்துக்குக் ‘கோக்’ என்று பெயர். பியூசும் ஊருக்கு வடக்கே இருக்கும் ஹெட்விகன்கோக் 1696-இல் கரைகட்டப்பட்டது. பியூசும் அடங்கிய டித்மார்ஷன் மாவட்டம் இன்று முட்டைக்கோஸுக்குப் பெயர்போன இடம். அந்த முட்டைக்கோஸ் விளையும் மண் நேற்றுவரை கடலடி.

இந்தப் பகுதியின் பழைய நிலையை நாம் அறிய முக்கியக் காரணம், யோஹான் அடோல்ஃப் கோஸ்டர் என்ற பாதிரியார். நியோகோரஸ் என்ற புனைபெயரில் அறியப்பட்டவர். 1590 முதல் பியூசும் ஊரில் இருந்துகொண்டு டித்மார்ஷனின் வரலாற்றை அந்த வட்டாரத்துத் தாழ்ஜெர்மன் மொழியிலேயே எழுதிவைத்தார். தீவு நிலத்தோடு சேர்ந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த ஊரில், அதை நேரில் கண்டவர்கள் நடுவே உட்கார்ந்து எழுதியவர். அந்த அருமை வேறு எந்த ஆவணத்துக்கும் வராது.

நிலத்தோடு சேர்ந்ததால் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1634 அக்டோபர் 11, 12 தேதிகளில் அடித்த புர்ஷார்டி பெருவெள்ளத்தில் இந்தக் கரை நெடுக 8,000 முதல் 15,000 பேர் வரை இறந்ததாகக் கணிக்கிறார்கள். வடக்கே ஸ்ட்ராண்ட் என்ற பெரிய தீவு ஒரே இரவில் துண்டு துண்டாக உடைந்தது. பியூசும் பகுதியில் 168 பேர் மாண்டார்கள், 102 வீடுகள் அடித்துக்கொண்டு போனதாகப் பதிவு இருக்கிறது. கடலிடமிருந்து எடுத்த நிலத்தைக் கடல் திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு இரவு போதும்.

புல் சரிவு என்பது உண்மையில் என்ன?

படத்தில் கூடை நாற்காலிகள் நிற்கும் அந்தப் புல் சரிவு பூங்கா இல்லை. அதுதான் மண்கரை. ஊரைக் கடலிலிருந்து பிரிக்கும் ஒரே சுவர்.

நம் ஏரிக்கரையை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும், ஆனால் வடிவத்தில் வேறுபாடு உண்டு. உள்ளே மணல் கரு, மேலே தடித்த களிமண் போர்வை, அதன் மேல் புல். கடல் பக்கச் சரிவு மிகவும் சாய்வானது. ஒரு மீட்டர் உயர ஆறு மீட்டருக்கும் மேல் நடக்க வேண்டியிருக்கும். செங்குத்தான சுவரில் மோதும் அலை அதை இடிக்கும், சாய்வான சரிவில் ஏறும் அலை தானாகவே களைத்து இறங்கும். காரணம் அவ்வளவுதான். ஊர்ப் பக்கச் சரிவு இதைவிடச் செங்குத்து.

புல்லைக் கவனிப்பது செம்மறி ஆடுகள். அவை புல்லை ஒட்ட மேய்வதால் வேர் அடர்த்தியாகப் படரும். அவற்றின் சின்னக் குளம்புகள் மண்ணை மிதித்து இறுக்கும். மாடு கனம், குளம்பால் பள்ளம் பறித்துவிடும். இந்த வேலையை ஆடுகளைப் போல இதமாகச் செய்யும் இயந்திரம் இல்லை.

கரையின் உள்ளே இருக்கும் நிலம், ஏற்றத்தின்போது இருக்கும் கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்தது. அப்படியானால் மழைநீர் எங்கே போகும்? கரையில் மதகு வைத்திருக்கிறார்கள். வற்றத்தில் வெளியே கடல் தாழும்போது மதகுக் கதவு திறந்து உள்நீர் வடியும். ஏற்றத்தில் கடலின் அழுத்தமே கதவை மூடிவிடும். நூற்றாண்டுகளாக இந்த எளிய ஏற்பாடு ஊரை உலர வைத்திருக்கிறது.

யார் இதையெல்லாம் பராமரித்தார்கள் என்பதில்தான் எனக்கு மிகுந்த ஈடுபாடு. கரையை ஒட்டி நிலம் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு பங்கு. தன் பங்கை அவரே சீர்செய்ய வேண்டும். நம் குடிமராமத்துக்கு நெருங்கிய உறவு, ஆனால் இன்னும் கடுமையானது. ‘கரை கட்ட மாட்டேன் என்பவன் ஊரை விட்டுப் போக வேண்டும்’ என்பது அந்தக் கரையோர மக்களின் பழமொழி. மண்வெட்டிச் சட்டம் என்று ஒன்றும் இருந்தது. தன் பங்கைப் பராமரிக்க இயலாதவர் கரையில் தன் மண்வெட்டியைக் குத்திவைத்துவிட்டுப் போவார். யார் அதைப் பிடுங்கி எடுக்கிறாரோ, நிலமும் அவருக்கு, கரையின் பொறுப்பும் அவருக்கு. கரையில் நிற்கும் அந்த மண்வெட்டியைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு குடும்பம் வீட்டையும் வயலையும் விட்டுக் கிளம்பிவிட்டது என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

இன்று நிலைமை மாறிவிட்டது. 1962 பிப்ரவரி 16-17 இரவில் வந்த புயல் வெள்ளம் ஹாம்பர்கில் மட்டும் 315 உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு மாநிலம் முழுக்கக் கரைகளை உயர்த்தினார்கள், கரைக்கோட்டை நேராக்கிச் சுருக்கினார்கள். பியூசும் ஊருக்கு வடக்கே ஐடர் ஆற்றின் முகத்தில் 1973-இல் பெரிய தடுப்பணை வந்தது. தென்கிழக்கே மெல்டோர்ஃப் குடாவின் ஒரு பகுதி 1978-இல் அடைக்கப்பட்டது. 1971 முதல் முதன்மைக் கரைகளின் பொறுப்பை மாநில அரசே ஏற்றுக்கொண்டது. 1976 ஜனவரி 3 புயலில் இந்தக் கரையின் பல இடங்களில் தண்ணீர் 1962-ஐவிட உயரமாக வந்தது. ஆனால் 1962 போன்ற உயிர்ச்சேதம் திரும்பவில்லை. செலவழித்த பணத்துக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

‘மருத்துவ ஊர்’ என்பது யார் தரும் பட்டம்?

ஜெர்மனியில் ‘பாட்’ என்றால் குளியல். ஊர்ப் பெயரோடு அது சேர்ந்தால், அங்கே உடல்நலத்துக்காக வந்து தங்கும் மரபு இருக்கிறது என்று பொருள். நினைத்த ஊர் நினைத்தபடி போட்டுக்கொள்ள முடியாது. ஒவ்வொரு மாநிலமும் சட்டப்படி ஆய்ந்து வழங்கும் அங்கீகாரம் அது. கடலோர ஊர்களில் இரண்டு படிகள் முக்கியம்: கடல் குளியல் ஊர், அதற்கு மேலே கடல் மருத்துவ ஊர். பியூசும் 1837-இல் கடல் குளியல் ஊரானது. 1949-இல் மருத்துவ ஊர் என்ற படிக்கு உயர்ந்தது.

மேல்படிக்குப் போக என்னென்ன வேண்டும்?

1. ஊர் கடலை ஒட்டி இருக்க வேண்டும், கடலின் காலநிலை அங்கே உண்மையிலேயே உணரப்பட வேண்டும்.

2. காற்றின் தூய்மையும் காலநிலையும் அளக்கப்பட வேண்டும். ஒரு முறை அளந்தால் போதாது, திரும்பத் திரும்ப அளப்பார்கள்.

3. சிகிச்சை மையமும், கடல்மருத்துவம் தெரிந்த மருத்துவரும் ஊரில் இருக்க வேண்டும்.

4. நடைபாதைகள், கடற்கரை வசதிகள், அமைதியான சூழல் ஆகியவை தேவை.

இதற்கெல்லாம் ஆகும் செலவின் ஒரு பங்கை வருகிறவர்களிடமிருந்தே வாங்குகிறார்கள். தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் தலைக்குச் சில யூரோ வரி. கட்டினால் விருந்தினர் அட்டை கிடைக்கும். இதை ஓட்டல் வாடகையில் சேர்ந்தது என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அது தனி.

இந்த மரபு ஜெர்மனிக்குத் தாமதமாகவே வந்தது. இங்கிலாந்தில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் 1750-களிலேயே கடல்நீரைக் குளிக்கவும் குடிக்கவும் எழுதிக்கொடுத்தார். பிரைட்டன் ஊர் வளர்ந்தது அதனால்தான். ஜெர்மனியில் ஏன் இன்னும் ஒரு பெரிய கடல் குளியல் ஊர் இல்லை என்று இயற்பியலாளர் லிஷ்டன்பெர்க் 1793-இல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு பால்டிக் கடலோரம் ஹைலிகன்டாமில் முதல் ஊர் தொடங்கியது. வடகடலில் நோர்டர்னை தீவு 1797-இல் தொடங்கியது. பியூசும் இந்த வரிசையில் பிந்தியது. 1880-களில் ரயில் வந்த பிறகே கூட்டம் பெருகியது.

கூடை நாற்காலி

படங்களில் தவறாமல் வரும் அந்தக் கூடை நாற்காலியும் உடல்நலத்தின் பெயரால் பிறந்ததே. மூட்டுவாதம் இருந்த ஒரு பெண்மணிக்கு, காற்று உறைக்காமல் கடற்கரையில் உட்கார ஓர் இருக்கை வேண்டியிருந்தது. 1882-இல் ரோஸ்டாக் நகரத்துக் கூடை முடைபவர் வில்ஹெல்ம் பார்டல்மன் அதைச் செய்து கொடுத்தார். நம் ஊர்ப் பிரம்புக் கூடையை நிமிர்த்தி வைத்து, உள்ளே பலகை போட்டது போல இருக்கும். மேல்பாதி பின்னால் சாயும். முதுகைக் காற்றுக்குக் காட்டித் திருப்பி வைத்துக்கொண்டால், 15 டிகிரியிலும் உள்ளே வெதுவெதுப்பு.

கடல்காற்று உண்மையில் என்ன செய்கிறது?

இங்கேதான் நிதானம் வேண்டும். கடல்நீர் எல்லா நோயையும் தீர்க்கும் என்ற 18-ஆம் நூற்றாண்டு நம்பிக்கை தவறு. கடல்நீரைக் குடிப்பது கேடு. சேறு உடலிலுள்ள நச்சை உறிஞ்சிவிடும் என்று விற்பனைப் பேச்சில் வந்தால் அதை நம்ப வேண்டாம். அப்படியானால் மிஞ்சுவது என்ன?

முதலாவது, காற்று. கடலிலிருந்து வீசும்போது அதில் தூசும் மகரந்தமும் குறைவு. மகரந்த ஒவ்வாமையால் மூச்சுத் திணறுகிறவருக்கு இது உடனடி நிம்மதி. உப்புத்துளிகள் கலந்த ஈரக்காற்று மூச்சுக்குழாய்ச் சளியை இளக்க உதவும்.

இரண்டாவது, தோல். சொரியாசிஸ் போன்ற சில தோல் நோய்களில் உப்புநீரும் சூரிய ஒளியும் சேர்ந்து பலன் தருவது மருத்துவத்தில் ஏற்கப்பட்டது.

மூன்றாவது, ஜெர்மன் மருத்துவர்கள் ‘தூண்டும் காலநிலை’ என்று சொல்வது. குளிர், காற்று, மாறும் ஒளி ஆகிய மூன்றும் உடலைத் தொடர்ந்து சீண்டி, தன்னைத்தானே சரிசெய்துகொள்ளப் பழக்குகின்றன. இதற்கு நாள் பிடிக்கும். இரண்டு நாள் போய்வந்தால் களைப்புதான் மிஞ்சும். மருத்துவர் எழுதித்தரும் ‘கூர்’ எனப்படும் தங்கல் மூன்று வாரம் என்று இருப்பது அதனால்தான். முன்பு நான்கு வாரம் இருந்தது. செலவைக் குறைக்க 1996-இல் வந்த சட்டம் அதை மூன்றாக்கியது. மருத்துவ ஊர்கள் பலவற்றுக்கு அது பலத்த அடி.

ஜெர்மனியில் வேலை செய்யும் நம்மவர்களுக்குப் பயன்படும் ஒரு விவரம்: சொந்தமாக அறை எடுத்துத் தங்கி, அந்த ஊர் மருத்துவரிடம் சிகிச்சை பெறும் முன்தடுப்புக் கூருக்குக் காப்பீட்டு நிறுவனம் சிகிச்சைச் செலவை ஏற்கும். தங்கும் செலவுக்கு ஒரு நாளைக்கு 16 யூரோ வரை தர அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு, கட்டாயம் இல்லை. முதலில் விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறைதான்.

சேற்று நடைக்கு வருவோம். வெறுங்காலோடு இறங்கினால் முதலில் குளிர்ச்சி, அடுத்து வழுவழுப்பு. சில இடங்களில் கணுக்கால் வரை புதையும், சில இடங்களில் அலைவரி பதிந்த கெட்டி மணல் பாதத்தைக் குத்தும். எங்கு பார்த்தாலும் இடியாப்பம் பிழிந்து வைத்தது போலச் சின்னச் சின்ன மணல் சுருள்கள். மணற்புழு மண்ணைத் தின்று, அதிலுள்ள உணவை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே தள்ளியது. புதைந்த காலை ஒவ்வோர் அடிக்கும் இழுத்து எடுக்க வேண்டியிருப்பதால், ஒரு மணி நேர நடை தொடைக்கும் பாதத்துக்கும் நல்ல உடற்பயிற்சி. மருந்து சேற்றில் இல்லை, நடையில் இருக்கிறது. பியூசும் ஊரில் இதை வாத்திய இசையோடு ஊர்வலமாக நடத்தும் பழைய வழக்கமும் உண்டு.

ஆபத்தும் இந்த நடையில்தான். சேற்றுவெளி முழுக்கத் தட்டை அல்ல. நடுநடுவே ஆழமான நீர்க்கால்கள் ஓடுகின்றன. ஏற்றம் தொடங்கும்போது தண்ணீர் முதலில் அந்த நீர்க்கால்களை நிரப்பும். அதாவது நீங்கள் நிற்கும் இடம் உலர்ந்திருக்கும்போதே, உங்களுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் வந்துவிடும். மூடுபனி சேர்ந்தால் திசை தெரியாது. ஓத அட்டவணை பார்க்காமல் இறங்கக் கூடாது, உச்ச வற்றத்துக்கு முன்பே திரும்பத் தொடங்க வேண்டும், தூரம் போவதென்றால் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது.

அந்த நீர்க்கால்களில்தான் ஊரின் இன்னொரு பிழைப்பும் இருக்கிறது. பியூசும் என்றால் ஜெர்மானியருக்கு நினைவு வருவது பழுப்பு இறால். சென்னாக்கூனியைவிடப் பெரிது, நம் வழக்கமான இறாலைவிடச் சிறிது. பிடித்த உடனே படகிலேயே கடல்நீரில் வேகவைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கையால்தான் உரிக்கிறார்கள். தலையையும் வாலையும் பிடித்து நடுவில் ஒரு திருகு, ஒரு இழுப்பு. கூலிச் செலவு கருதி இந்தக் கடலின் இறாலில் பெரும்பங்கை மொராக்கோவுக்கு லாரியில் அனுப்பி, உரித்துத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். காலடியில் பிடித்த இறால் இவ்வளவு தூரம் சுற்றுவதை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

கடல் உயர்ந்தால்?

1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. உயரும் வேகமும் கூடிவருகிறது. பியூசும் போன்ற ஊரில் அதன் விளைவு மூன்று இடத்தில் தெரியும்.

1. சேற்றுவெளியில். ஒவ்வோர் ஏற்றமும் கொஞ்சம் வண்டலைக் கொண்டுவருவதால் சேற்றுவெளியும் தானாக உயர முடியும். ஆனால் கடல் அதைவிட வேகமாக உயர்ந்தால், வெளி நிரந்தரமாக நீரில் மூழ்கத் தொடங்கும். அலையின் வேகத்தைத் தின்ற அந்தப் பரப்பு ஆழமாகிவிட்டால், கரையில் மோதும் அலை பெரிதாகும். நடக்கவும் இடம் குறையும்.

2. மதகில். வற்றத்தில் கடல் போதிய அளவு தாழவில்லை என்றால் உள்நீர் தானாக வடியாது. பம்பு வைத்து இறைக்க வேண்டும், ஆண்டு முழுக்க, என்றென்றைக்கும்.

3. கரையில். உயர்த்தித்தான் ஆக வேண்டும். ஆனால் கரையை உயர்த்தினால் அடியும் அகல வேண்டும், அதற்கு இடம் வேண்டும்.

மூன்றாவதற்கு ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் கண்டிருக்கும் வழி ‘காலநிலைக் கரை’. இப்போது பலப்படுத்தும்போதே உச்சியை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு அகலமாக, சுமார் 5 மீட்டருக்கு, அமைத்துவிடுகிறார்கள். கடல் பக்கச் சரிவையும் இன்னும் சாய்வாக்குகிறார்கள். பின்னால் தேவைப்பட்டால், அடியைத் தொடாமல் அந்த அகலமான உச்சியின் மேல் இன்னொரு அடுக்கு மண் போட்டு உயர்த்திக்கொள்ளலாம். எவ்வளவு உயரும் என்று இன்றே உறுதியாகத் தெரியாத ஒன்றுக்கு, முழுச் செலவையும் இன்றே செய்யாமல் வழியை மட்டும் திறந்து வைக்கும் ஏற்பாடு. நம் கடலோரங்களில் கற்களைக் கொட்டிவிட்டு நகரும் முறையோடு ஒப்பிட்டால், இதில் இருக்கும் முன்யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. பியூசும் மாதிரி ஊருக்கு இன்னொரு நன்மையும் உண்டு: சரிவு சாய்வானால் புல் கடற்கரையும் அகலமாகும்.

கோடை முழுக்க விருந்தினர்கள் உட்காரும் அந்தச் சரிவில், புயல் காலத்துக்கு முன்பு கூடை நாற்காலிகளை எல்லாம் எடுத்துக் கிடங்கில் அடுக்கிவிடுவார்கள். ஒன்றுகூட வெளியே நிற்கக் கூடாது. அலை அதைத் தூக்கி அடித்தால் புல் கிழியும், கிழிந்த இடத்தில் களிமண் கரையும். அப்புறம் இலையுதிர் காலத்துக் கரைப் பார்வை நடக்கும். அதிகாரிகளும் ஊர்க்காரர்களும் கரை நெடுக நடந்து எலி வளை, முயல் வளை, ஆடு மிதித்த பள்ளம், புல் காய்ந்த திட்டு ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போவார்கள். குளிர்காலப் புயல் வருவதற்குள் அவை அடைக்கப்பட வேண்டும்.